எஞ்சின் வேலை முடிந்த காரில் ஆயில் பிரஷர் குறைகிறது: எதை அளப்பது, யாரிடம் கேட்பது?

கொங்குப் பகுதியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் அவர் விருப்பப்படி தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தந்தை வாங்கிய 1978ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 3 காரை அவர் இன்றும் பராமரித்து வருகிறார். 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் நீலப் புகை விட ஆரம்பித்ததால் கடந்த ஆவணியில் எஞ்சினை இறக்கினார்கள். பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் வேகவைத்துச் சுத்தம் செய்து, போரிங் செய்து, புதிய பிஸ்டன், ரிங் போட்டிருக்கிறார்கள். பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான க்ராங்கை பத்து சைஸிலிருந்து இருபது சைஸுக்குக் (அசல் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு குறைவாக) கிரைண்டிங் செய்து, மெயின் பேரிங்கும் பிக் எண்ட் பேரிங்கும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். உதிரிபாகங்களை அவரே கடையில் வாங்கிக் கொடுத்தார். லேத் பட்டறைக்கு அவரே நேரடியாகப் பணம் கட்டினார். மெக்கானிக்குக் கூலி தனி. மொத்தம் 82,000 ரூபாய் ஆயிற்று.

வண்டி 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் லைட் மினுக்குகிறது. தனியாக ஒரு கேஜ் மாட்டிப் பார்த்திருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), நாற்பது நிமிடம் ஓடியபின் ஐட்லிங்கில் 6, அதே சூட்டில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 22. தந்தை காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக், “புது எஞ்சின், டைட்டா இருக்கு, ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிரும், அதுவரைக்கும் கெட்டி ஆயில் ஊத்திக்கலாம்” என்கிறார். இன்னொரு பட்டறையில், பிரஷர் அளவுமீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாஷர் வைக்கச் சொல்கிறார்கள். வழக்கறிஞரான உறவினர் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார். இதற்கிடையே தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியைத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் தாயாரின் ஆசை. மறுவாரம் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குலதெய்வம் கோயிலுக்கும் இதிலேயே போவதாக எண்ணம். ஓட்டலாமா, தானாகச் சரியாகுமா, பம்பை மாற்றினால் போதுமா, செலவழித்த பணத்தைக் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

ஆயில் லைட்டைப் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலும் “லைட் எரிகிறது” என்ற ஒரு வரிதான் இருக்கும். நீங்கள் எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் என்று பிரித்து மூன்று எண்களை எழுதியிருக்கிறீர்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் என்பதால், இந்தப் பதிலையும் அந்த எண்களிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒன்று: இதைப் படித்து முடிக்கும்வரை மட்டுமல்ல, கீழே சொல்லும் சோதனைகள் முடியும்வரையிலும் வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம். இந்த எஞ்சினுக்குச் சூடான நிலையில், ஓடும் வேகத்தில் 50 பி.எஸ்.ஐ.க்கு அருகில் இருப்பது ஆரோக்கியம். 30க்குக் கீழே போகக் கூடாது. ஐட்லிங்கில் 10 என்பது பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினுக்கே கடைசி எல்லை. உங்களுடையது 640 கிலோமீட்டரே ஓடிய எஞ்சின். அதில் 22ம் 6ம் இருப்பதை அலட்சியம் செய்ய முடியாது.

பிரஷர் எங்கே பிறக்கிறது

ஆயில் பம்புதான் பிரஷரை உண்டாக்குகிறது என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் ஓடுகிறது. பட்டறைகளிலும் அப்படித்தான் பேசுவார்கள். உண்மையில் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்பட்ட எண்ணெய் எங்கே நெருக்கப்படுகிறதோ அங்கேதான் பிரஷர் பிறக்கிறது. கிணற்று மோட்டாரின் ஓஸ் பைப் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது, விரலை எடுத்தால் அதே மோட்டார், அதே தண்ணீர், ஆனால் காலடியிலேயே கொட்டிவிடுகிறது. எஞ்சினில் அந்த விரலின் வேலையைச் செய்வது பேரிங்குக்கும் க்ராங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி.

உங்கள் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் வகையைச் சேர்ந்தது. இதில் க்ராங்குக்கு மூன்று மெயின் பேரிங், நான்கு கனெக்டிங் ராடுக்கு நான்கு பிக் எண்ட், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கு மூன்று புஷ். ஆகப் பத்து வாசல்கள் வழியாக எண்ணெய், எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. ராக்கர் ஷாஃப்ட்டுக்குப் போகும் சிறு பங்கு தனி. இந்தப் பத்து வாசல்களும் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதைத்தான் உங்கள் கேஜ் காட்டுகிறது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. இடைவெளி இரண்டு மடங்கானால் கசியும் எண்ணெய் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. கசிவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. க்ராங்க் ஜர்னலின் (க்ராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியின்) விட்டம் ஓர் அங்குலமானால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி என்பது பட்டறைகளின் பொது விதி. உங்கள் ஜர்னல்கள் ஏறக்குறைய இரண்டு அங்குலம், ஆகவே 0.05 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கிரைண்டிங்கில் கல் சற்றே அதிகமாக இறங்கி அது 0.075 ஆகியிருந்தால் கசிவு மூன்று மடங்கைத் தாண்டிவிடும். அந்த 0.025 மில்லிமீட்டர் வித்தியாசம் தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. கையால் ஆட்டிப் பார்த்து, “லூஸ் இல்லை, நல்லாத்தான் இருக்கு” என்று எந்த அனுபவசாலியாலும் அதைச் சொல்லிவிட முடியாது. மைக்ரோமீட்டர் வேண்டும்.

உங்கள் மூன்று எண்கள்

குளிர்ந்த நிலையில் 60 வந்திருக்கிறது என்பது மிகவும் பயனுள்ள செய்தி. எண்ணெய் வழிகளில் ஏதாவது ஒரு பிளக்கை மறந்துவிட்டிருந்தால், அதிலும் டைமிங் கவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கேலரி (பிளாக்கின் பிரதான எண்ணெய் வழி) பிளக்கைப் போடாமல் விட்டிருந்தால், எண்ணெய் வெளியே தெரியாமல் நேரே சம்புக்குள் கொட்டிக்கொண்டிருக்கும். குளிரிலும் 60 வந்திருக்காது. ரிலீஃப் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருந்தாலும் வந்திருக்காது. உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் முள் ஆடிக்கொண்டே இருக்கும். உங்கள் முள் நிலையாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேகம் ஏற ஏற பிரஷரும் ஏறுகிறது என்பதால் உறிஞ்சு குழாயின் வாயிலுள்ள வலையான ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும் வாய்ப்பும் குறைவு. அடைத்திருந்தால் அதிக வேகத்தில் முள் இறங்கும்.

ஆக, பெரிய ஓட்டை எதுவும் இல்லை. எண்ணெய் கெட்டியாக இருக்கும்போது தாங்கும் அமைப்பு, எண்ணெய் இளகியதும் கைவிடுகிறது. இதற்கு மூன்று காரணங்கள் மிஞ்சுகின்றன: மெயின் அல்லது பிக் எண்ட் இடைவெளி அதிகம், கேம் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது பம்பின் உட்புறம் தேய்ந்து சூடான எண்ணெயை உள்ளுக்குள்ளேயே நழுவவிடுகிறது. மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம்.

நீங்கள் இணைத்திருந்த பில்களை வரி வரியாகப் பார்த்தேன். அவற்றில் கேம் புஷ் இல்லை. ஆயில் பம்பும் இல்லை, பம்புக்கான கேஸ்கட் மட்டும் இருக்கிறது. பிளாக்கைக் காஸ்டிக்கில் வேகவைத்ததாகச் சொல்கிறீர்கள். கேம் புஷ்ஷின் உட்புறத்தில் இருப்பது வெள்ளை உலோகப் பூச்சு; கொதிக்கும் காஸ்டிக் அதை அரித்துவிடும். பிளாக்கைத் தொட்டியில் இறக்குமுன் கேம் புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டு, பிறகு புதியவற்றைப் போட்டு, மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) விட வேண்டும். அந்த ரீமர் எல்லாப் பட்டறைகளிலும் இருப்பதில்லை என்பதால் பழைய புஷ்களோடே வேகவைத்து, அப்படியே மாட்டிவிடுவது பரவலாக நடக்கிறது. சோதிக்காமல் முடிவு கட்ட மாட்டேன். ஆனாலும் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

“செட் ஆகிவிடும்” என்பதும், வாஷரும், கெட்டி ஆயிலும்

உங்கள் மெக்கானிக் சொல்வதில் ஒரு பாதி உண்மை. புது எஞ்சின் டைட்டாக இருக்கும், ஓடினால் இளகும். ஆனால் ரன்னிங்-இன் காலத்தில் படிவது பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும். பேரிங் படிவதற்காக வைக்கப்பட்டதல்ல. அது தேய ஆரம்பித்தால் இடைவெளி கூடும், கூடினால் பிரஷர் குறையும். டைட்டான எஞ்சினில் பிரஷர் எல்லாக் காலத்தையும்விட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு 6 என்பது 12 ஆவதற்கு எந்த வழியும் இல்லை, 3 ஆவதற்கு நிறைய வழிகள் இருக்கின்றன.

வாஷர் யோசனையை முழுமையாக மறந்துவிடுங்கள். ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் அளவுமீறி ஏறும்போது திறக்கும் வடிகால். உங்கள் எஞ்சினில் அது 60 வரை பிடித்து நிற்கிறது. 22ல் அது மூடித்தான் இருக்கிறது. மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடுவதால் வீட்டுக்குள் எதுவும் சேராது. காலையில் குளிர்ந்த எண்ணெயை 90, 100 என்று ஏற்றி ஃபில்டர் கேஸ்கட்டைப் பிதுக்குவதுதான் வாஷரால் ஆகும் ஒரே காரியம். வால்வு சரியாக உட்காராமல் கசிகிறதா என்பது வேறு கேள்வி. அதைக் கழற்றிப் பார்த்துவிடலாம், கீழே சொல்கிறேன்.

கெட்டி ஆயில் விஷயத்தில் கணக்கே பதில் சொல்லிவிடும். 100 டிகிரி செல்சியஸில் 40 கிரேடு எண்ணெயின் கெட்டித்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ், 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. நடுவிலுள்ள எண்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. உங்கள் 6 என்பது 8 ஆகும், 22 என்பது 29 ஆகும். லைட் அணைந்துவிடும்; நோய் அப்படியே இருக்கும். நம் ஊர் வெயிலில் இந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதில் தவறு இல்லை, நானும் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு ஊற்றுங்கள். இப்போது ஊற்றினால் உங்களுக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே சாட்சியின் வாயை அடைப்பதாகிவிடும்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன்

முதலில் கேஜையே சோதியுங்கள். ஆயில் லைட்டின் ஸ்விட்ச் பொதுவாக 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குள் வேலை செய்யும். உங்கள் கேஜ் 6 காட்டும் அதே நேரத்தில் லைட்டும் மினுக்குகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தருவதால் கேஜ் பொய் சொல்ல வாய்ப்பு குறைவு. இருந்தாலும் வயரில் இயங்கும் கேஜாக இருந்தால், குழாய் வழியாக எண்ணெயே நேரில் வந்து முள்ளை நகர்த்தும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். பிளாக்கில் திருகும்போது பற்கள் பொருந்தாமல் பலவந்தமாக ஏற்றிவிடக் கூடாது.

அடுத்து, டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். இதைச் சொன்னால் சிலர் வியப்பார்கள். இந்த எஞ்சினின் பெட்ரோல் பம்பு பிளாக்கின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட்டால் இயங்குகிறது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சத்தமில்லாமல் சம்புக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும். டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்தால், அல்லது எண்ணெய் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், மேற்கொண்டு எதையும் கழற்றுமுன் பெட்ரோல் பம்பை மாற்றி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துபோன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ரிலீஃப் வால்வு. பிளாக்கின் பின்பகுதியில் குவிந்த தலையுள்ள நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் வந்துவிடும். பிளஞ்சரின் முகத்தில் முழு வட்டமாக ஒரே சீரான மங்கல் வளையம் தெரிய வேண்டும். வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தாலோ, கோடு விழுந்திருந்தாலோ, அந்த இடத்தில் அது உட்காரவில்லை. பிளாக்கைத் துளையிட்டுத் தேய்த்த பிறகு ஒரு சிறு இரும்புத்தூள் அங்கே சிக்கியிருப்பது நடக்கக்கூடியதே.

சம்பைக் கழற்றிய பிறகு

மேலே சொன்ன மூன்றிலும் விடை கிடைக்காவிட்டால் சம்பை இறக்கத்தான் வேண்டும். இறக்கியதும் முதலில் கண்ணில் படுவது ஸ்ட்ரெய்னர். உங்கள் எண்கள் அதைச் சுட்டவில்லை என்று சொன்னேன், ஆனாலும் பார்க்காமல் விடாதீர்கள். ஒருமுறை எங்களிடம் வந்த எஞ்சினின் ஸ்ட்ரெய்னர் வலையில், சிவப்பு நிறத்தில், மண்புழுக்களைப் போல நான்கைந்து துண்டுகள் ஒட்டிக்கிடந்தன. சம்ப் கேஸ்கட்டில் தாராளமாகத் தடவிய சிலிக்கான் பசை உட்பக்கம் பிதுங்கி, காய்ந்து, அறுந்து விழுந்து, எண்ணெயோடு நீந்தி வந்து வலையை மூடியிருந்தது. பசையைத் தடவியவர் கசிவு வரக் கூடாது என்ற அக்கறையில்தான் தடவியிருப்பார்.

பிறகு, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு சிறிய தொட்டியில் எண்ணெய் நிரப்பி, கம்ப்ரஸர் காற்றை மிதமான அழுத்தத்தில் கொடுத்து, கேஜ் மாட்டும் துளை வழியாக அந்த எண்ணெயை கேலரிக்குள் செலுத்த வேண்டும். எஞ்சின் ஓடாமல் நிற்கும். கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பத்து வாசல்களிலும் எண்ணெய் இறங்குவது தெரியும். சரியான பேரிங்கில் சொட்டுச் சொட்டாக, எண்ணக்கூடிய வேகத்தில் விழும். லூஸான பேரிங்கில் நூலாக இறங்கும். கேம் புஷ் தேய்ந்திருந்தால், மேலேயிருந்து கேம்ஷாஃப்ட்டின் மீது வழிந்து திரை போல் கொட்டும். அனுமானங்களுக்கு வேலையே இல்லை. குற்றவாளி கண்முன் நிற்பான். பத்திலும் அளவாகச் சொட்டினால் பம்பின் மீது பழி விழுகிறது. அப்போது பம்பைத் திறந்து, ரோட்டருக்கும் மூடிக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், 0.125 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பம்பை மாற்றிவிடலாம்.

நூலாக இறங்கும் பேரிங்கின் கேப்பை (அடிப்பக்க மூடியை) கழற்றி, பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகிழையை வைத்து அளப்பது அடுத்த படி. பச்சை நிறப் பொட்டலம் வாங்குங்கள், அது 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரை அளக்கும். ஜர்னலையும் பேரிங்கையும் எண்ணெயில்லாமல் துடைத்து, நூலை விட அகலமில்லாத அந்தப் பச்சை இழையில் ஒரு துண்டை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை மாட்டி, டார்க் ரெஞ்சால் உரிய அளவுக்கு முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். இழை நசுங்கிப் பட்டையாகியிருக்கும். உறையில் அச்சிட்ட கோடுகளோடு அதன் அகலத்தை ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். பட்டை எவ்வளவு அகலமோ இடைவெளி அவ்வளவு குறைவு. ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் இருந்தால் ஜர்னல் சரிவாகக் கிரைண்டிங் ஆகியிருக்கிறது என்று பொருள். இழை உள்ளே இருக்கும்போது க்ராங்கைச் சுற்றிவிடக் கூடாது.

கேப்பைக் கழற்றும்போது இரண்டு விஷயங்களை நீங்களே நின்று பாருங்கள். பேரிங் ஷெல்லின் முதுகில் அச்சிட்ட சைஸ் இருபதுதானா, அதற்குப் பின்னால் தாளோ தகடோ வைக்கப்பட்டிருக்கிறதா என்பது ஒன்று. கேப்பின் இணைப்பு முகத்தில் அரம் போட்ட கீறல்கள் தெரிகின்றனவா என்பது மற்றொன்று. கேப்பைத் தேய்த்து டைட் வைக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிச் செய்தால் மேலும் கீழும் நெருங்கி, பக்கவாட்டில் அகன்று, வட்டம் முட்டையாகிவிடுகிறது. 640 கிலோமீட்டர் ஓடிய ஷெல் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் செம்பு எட்டிப் பார்த்தால், அதை மீண்டும் மாட்ட அனுமதிக்காதீர்கள்.

இத்தனையும் பார்க்காமல் நேராகப் புதுப் பம்பு வாங்கிப் போடுவது உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையாக இருக்க முடியாது. பழைய பம்பு தேய்ந்திருந்தால் புதுப் பம்பு நிச்சயம் கொஞ்சம் உதவும். வாசல்கள் அகலத் திறந்திருந்தால், அதுவும் சேர்ந்து அதே வழியாகத்தான் கொட்டும்.

பணமும் பொறுப்பும்

நான் வழக்கறிஞர் அல்லன். எஞ்சின் தகராறுகளில் அளவு அறிக்கை எழுதிக் கொடுத்த அனுபவத்தில் மட்டும் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கூலி பெற்றுச் செய்த வேலையில் குறைபாடு இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியும். புகாருக்குக் காரணமான நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அவசரம் ஒன்றுமில்லை.

உங்கள் வழக்கிலுள்ள சிக்கல் வேறு. பாகங்களை வாங்கியவர் நீங்கள், கிரைண்டிங் செய்தது லேத், மாட்டியது மெக்கானிக். ஜர்னல் அளவு தவறு என்றால் லேத் பொறுப்பு; ஆனால் அளந்து பார்க்காமல் மாட்டியதில் மெக்கானிக்குக்கும் பங்கு உண்டு. கேம் புஷ்தான் காரணம் என்றால், “அதை வாங்கித் தரச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை” என்று நீங்களும், “அதை மாற்றச் சொல்லி நீங்கள் சொல்லவில்லை” என்று அவரும் சொல்லக்கூடும். எந்தப் பாகம் என்று தெரியாமல் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவீர்கள்?

அதனால் சம்பை இறக்கும் நாளில் மெக்கானிக்கையும் லேத் பட்டறையிலிருந்து ஒருவரையும் முன்கூட்டியே எழுத்தில் அழைத்து, அவர்கள் கண்முன்னே திறப்பதுதான் நியாயமும் பாதுகாப்பும். ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு திசைகளில் மைக்ரோமீட்டரால் அளந்து, ஒரு தாளில் எழுதி, வந்திருப்பவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். படம் எடுத்துவையுங்கள், பேரிங் ஷெல்களை எண் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வேறு பட்டறையில் தனியாகத் திறந்துவிட்டால், “அங்கேதான் கெடுத்தார்கள்” என்ற ஒரு வாக்கியத்தில் உங்கள் புகார் கரைந்துவிடும். லைட் எரிய எரிய ஓட்டினாலும் இதே நிலைதான்.

முப்பது ஆண்டுகளாக உங்கள் வீட்டு வண்டியைப் பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அளவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், இத்தகையவர்களில் பெரும்பாலோர் தம் பங்கைத் தாமே ஒப்புக்கொண்டு மறுவேலையைக் கூலியில்லாமல் செய்துகொடுக்கிறார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நோட்டீஸ் அதற்குப் பிறகும் அனுப்பலாம்.

மாப்பிள்ளை அழைப்பும் கோயில் பயணமும்

கோயில் பயணம் 140 கிலோமீட்டர் என்பதால் ஆபத்து, மாப்பிள்ளை அழைப்பு ஒரு கிலோமீட்டர்தான், அதுவும் மெதுவாகப் போவது என்பதால் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எஞ்சினைப் பொறுத்தவரை இரண்டாவதும் சம ஆபத்து. நாதஸ்வரக்காரர்கள் நின்று வாசிக்க, பட்டாசு வெடிக்க, வண்டி முக்கால் மணி நேரம் ஐட்லிங்கிலேயே நகரும். பம்பு தன் மிகக் குறைந்த வேகத்தில் சுற்றும். காற்றோட்டம் இல்லாததால் எஞ்சின் சூடேறும், எண்ணெய் இளகும். கேஜ் 6 காட்டும் அதே நிலைமையில்தான் முக்கால் மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்.

தாயாரின் ஆசையை நான் லேசாக எண்ணவில்லை. தை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. சம்பை இறக்கி அளப்பது ஒரு நாள் வேலை. பேரிங் மட்டும்தான் என்றால் க்ராங்கை முப்பது சைஸுக்கு இறக்கிச் சரியாகக் கிரைண்டிங் செய்து மாட்ட இரண்டு வாரம் போதும். கேம் புஷ் என்றால் எஞ்சினை முழுதும் பிரித்து ரீமரும் விட வேண்டும், மூன்று நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே தொடங்கினால் வண்டி மண்டபத்துக்கு வந்துவிடும். தாமதமானால், அலங்கரித்து மண்டப வாசலில் நிறுத்திவைத்து, மாப்பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். கோயில் பயணத்தை எப்படியிருந்தாலும் தள்ளிவையுங்கள். மறுவேலை முடிந்த எஞ்சினை 500 கிலோமீட்டராவது உள்ளூரில் ஓட்டி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டும்.

மறுபடி மாட்டும்போது மெக்கானிக்கிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பம்பின் ரோட்டர்களுக்கு நடுவே வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவி மாட்டச் சொல்லுங்கள். முதல் சுற்றிலேயே எண்ணெயை உறிஞ்ச அது உதவும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கேஜில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றச் செய்து, அதன் பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கிலும், 50 கிலோமீட்டர் வேகத்திலும் கேஜ் என்ன காட்டுகிறது என்று, நீங்கள் எனக்கு எழுதி அனுப்பிய அதே முறையில் குறித்து, முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.